ஒரு நிமிடம் தேடு, பிறகு மேலே வா

ஸ்ரீலக்ஷ்மி எதற்கும் பயப்படுகிறவள். சாங்வியில் அவர்கள் குடியிருக்கும் சொசைட்டி முழுக்க இது தெரியும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய் கேஸ் அணைத்திருக்கிறதா என்று பார்ப்பாள். மழைக்காலத்தில் லிஃப்டில் ஏறமாட்டாள். கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஐந்து மாடியும் மூட்டு வலியோடு படியேறுவாள். மகள் ஸ்நேஹா காலேஜிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், பால்கனியில் நின்றுகொண்டு தெருமுனையில் திரும்பும் ஒவ்வொரு ஆட்டோவையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி புனே வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் புரோகிராம் எந்த இடத்தில், எப்படிப் பழுதாகும் என்று யோசித்துக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். "உனக்குச் சம்பளம் குடுக்கறதே பயப்படறதுக்குத்தான்" என்பார் கணவர் ஹரிபிரசாத். அவள் சிரிக்கமாட்டாள். அது உண்மைதான் என்று அவளுக்குத் தோன்றும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்நேஹா சொன்னாள், "அம்மா, நான் ஸ்கூபா கோர்ஸ் ஜாயின் பண்றேன்."

அவள் விலங்கியல் இரண்டாம் வருஷம். கோடை விடுமுறையில் அந்தமானில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்க மாணவர்களை எடுக்கிறார்கள். கடலுக்கு அடியில் இறங்கத் தெரியும் என்ற சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். புனேயில் நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு மால்வண் கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டுதான் பேச்சை எடுத்திருந்தாள்.

"வேண்டாம்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம் சாமி."

ஹரிபிரசாத் மகள் பக்கம். அதற்கப்புறம் சில நாட்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. ஸ்நேஹா அழவில்லை, சண்டை போடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவள் எப்படியும் போய்விடுவாள், பதினெட்டு வயதாகிவிட்டது, இன்றைக்குத் தடுத்தால் நாளைக்குச் சொல்லாமல் போவாள் என்பது ஸ்ரீலக்ஷ்மிக்குத் தெரிந்தது. சொல்லாமல் போனால் எந்தக் கடலில் எப்போது இறங்குகிறாள் என்பதுகூடத் தெரியாது.

கம்பெனி கேப் வாகட் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அவளுக்கு அந்த யோசனை வந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கோர்ஸ்ல என் வயசுக்காரங்க சேரலாமுங்களா?"

ஹரிபிரசாத் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "யாரு, நீயா?"

"அவ கடலுக்கடியில இருக்கறப்ப நான் இங்க உக்காந்து போனப் பாத்துட்டிருக்க முடியாதுங்க. அதுக்குப் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன்."

நீச்சல் அவளுக்குத் தெரியும். மூட்டு வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டது. தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு மெதுவாகப் போவாள். ஆழமான பக்கம் போகமாட்டாள்.

ஸ்நேஹா முதலில் நம்பவில்லை. பிறகு, "அரே அம்மா, நீ வந்தா சூப்பர்" என்று கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டிக்கொள்ளலில் ஸ்ரீலக்ஷ்மிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

பயிற்சி ஔந்தில் ஒரு கிளப்பின் நீச்சல் குளத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில். டிசம்பர் குளிரில் தண்ணீர் எலும்பைத் தொட்டது. பயிற்சியாளர் அருண்ராஜ் புனேயிலேயே கடக்கியில் பிறந்த தமிழன். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவான், நடுநடுவே இந்தி வந்துவிடும். அவனுக்கு உதவியாக ஜெனிபர் என்ற பெண், அவளும் கடக்கிதான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூன்றே பேர்: அம்மாவும் மகளும், விஷ்ராந்த்வாடியிலிருந்து ராகவேந்திரா என்ற இளைஞனும். ராகவேந்திரா ஜிம்முக்குப் போய் வளர்த்த உடம்புக்காரன், தண்ணீரைப் பார்த்ததும் குதித்தான்.

உடம்பில் காற்றடைக்கும் மிதவை ஜாக்கெட், முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர் என்கிற மூச்சுக்குழாய், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க். இதை மாட்டிக்கொண்டு ஆழம் குறைந்த பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, தலையைத் தண்ணீருக்குள் இறக்கினாள் ஸ்ரீலக்ஷ்மி. முதல் மூச்சு உள்ளே வந்தது. வரக்கூடாத இடத்தில் வந்த மூச்சு அது. காதுக்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு குமிழிகள் பொங்கும் சத்தம். தன் மூச்சு இவ்வளவு வேகமாகவா போகிறது என்று அப்போதுதான் கேட்டாள்.

அடுத்தது மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சி. மாஸ்க்கின் மேல்விளிம்பைக் கொஞ்சம் திறந்தால் தண்ணீர் உள்ளே வரும். மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். தண்ணீர் கீழ்வழியாகப் போய்விடும். ஸ்நேஹா ஒரே ஊதலில் செய்துவிட்டாள். ஸ்ரீலக்ஷ்மி விளிம்பைத் திறந்ததும் குளிர்ந்த தண்ணீர் மூக்கைத் தொட்டது. அவ்வளவுதான். எழுந்து நின்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருமிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பளவுதான் இருந்தது.

"ஒண்ணும் ஆகல மேடம்" என்றான் அருண்ராஜ். "பயமா இருந்தா இருக்கட்டும். மூச்ச மட்டும் நிறுத்தாதீங்க. டர் லகே தோ பி, பயந்தாலும் மூச்சு உள்ள, மூச்சு வெளிய. பஸ், அவ்ளோதான்."

அன்றைக்கு முழுக்க அவளால் அதைச் செய்ய முடியவில்லை. வீட்டில் குளிக்கும்போது பக்கெட்டில் முகத்தை வைத்து மூக்கால் ஊதிப் பழகினாள். வெளியே ஹரிபிரசாத் கதவைத் தட்டி, "என்ன பண்ணிட்டிருக்க?" என்று கேட்கிற அளவுக்குச் சத்தம். அடுத்த ஞாயிறு ஏழாவது தடவையிலோ எட்டாவது தடவையிலோ மாஸ்க் காலியானது. ஸ்நேஹா தண்ணீருக்குள்ளேயே கை தட்டினாள்.

ஆனால் அருண்ராஜ் வேறொன்றைக் கவனித்திருந்தான். பயிற்சி முடிந்து குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடத்தும்போது சொன்னான். "மேடம், காத்து அளவு காட்டற உங்க கேஜை நீங்க பாக்கவே இல்ல. சிலிண்டர்ல எவ்ளோ காத்து மிச்சம்னு நான் மூணு தடவ சைகைல கேட்டேன். நீங்க பொண்ணயே பாத்துட்டிருந்தீங்க."

"அதுக்குத்தானே வந்தேன்" என்றாள் அவள். வாய் தவறி வந்த உண்மை. ஸ்நேஹா தலையைக் குனிந்துகொண்டாள்.

அருண்ராஜ் அதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசவில்லை. அன்றைய பாடம் ஜோடியைப் பற்றியது. கடலில் யாரும் தனியாக இறங்குவதில்லை, எப்போதும் இருவர் ஜோடி. ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் சிலிண்டரிலிருந்து மூச்சு வாங்கலாம். "சரி, உங்க ஜோடி காணாமப் போயிட்டாங்க. என்ன செய்வீங்க?"

"தேடுவேன்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"எவ்ளோ நேரம்?"

"கெடைக்கற வரைக்கும்."

"இல்ல. ஒரு நிமிஷம். நின்ன இடத்துல சுத்திப் பாருங்க, மேல பாருங்க, குமிழி தெரியுதான்னு பாருங்க. ஒரு நிமிஷம் ஆச்சா, மெதுவா மேல வந்துடணும். உங்க ஜோடியும் அதையேதான் செய்வாங்க. மேல ரெண்டு பேரும் சந்திச்சுக்கலாம்."

"எம்பொண்ணக் கீழ விட்டுட்டு நான் மேல வரதா?"

"அவங்க மேல வந்துட்டு, நீங்க கீழயே தேடிட்டிருந்தீங்கன்னா? உங்களுக்குக் காத்து தீரும். அப்பறம் உங்களத் தேட இன்னொருத்தர் எறங்கணும். மத்லப், அதாவது, ஒருத்தர் தொலஞ்சது ரெண்டாகும், மூணாகும்."

இருபது வருஷம் பழுது தேடியவளுக்கு அந்த விதியில் எந்தப் பழுதும் தெரியவில்லை. ஆனாலும் அது யாரோ பிள்ளை இல்லாதவர்கள் எழுதிய விதி என்று நினைத்தாள்.

ஜனவரி மூன்றாம் வாரம் காரில் மால்வண் போனார்கள். ஹரிபிரசாத் ஓட்டினார். கோலாப்பூர் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போது ஸ்நேஹா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஸ்ரீலக்ஷ்மி வழிநெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மூச்சு உள்ளே, மூச்சு வெளியே என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதல் நாள் இரண்டு தடவை இறங்கினார்கள். படகின் விளிம்பில் உட்கார்ந்து முதுகுப்புறமாகக் கடலில் விழ வேண்டும். விழுந்தாள். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனாள். காதை யாரோ இரண்டு பக்கமும் அழுத்துவதுபோல வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் டப்பென்று விட்டது. கீழே போகப் போக வெளிச்சம் பச்சையானது. நாலைந்து ஆள் தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அதற்கப்பால் பச்சைச் சுவர். அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள். அருண்ராஜ் மீன்களைக் காட்டினான், பாறையைக் காட்டினான். அவள் பார்த்ததெல்லாம் ஸ்நேஹாவின் மஞ்சள் துடுப்புக் காலணிகளைத்தான். ஆனால் இந்தத் தடவை கேஜையும் பார்த்தாள். மகளை ஒரு தடவை, கேஜை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மேலே வந்தபோது ஸ்நேஹாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "அம்மா, அந்தப் பட்டாம்பூச்சி மீன் பாத்தியா?"

"பாத்தேன்" என்று பொய் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலை கடல் கொஞ்சம் கலங்கியிருந்தது. நீரோட்டமும் முந்தின நாளைவிட அதிகம். அதனால் ஜெனிபர் படகிலேயே இருந்து குமிழிகளைக் கவனிப்பதென்றும், அருண்ராஜ் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு இறங்குவதென்றும் முடிவு செய்தார்கள். அது மூன்றாவது இறக்கம்.

ஒன்பது பத்து மீட்டர் ஆழத்தில் பாறைகளுக்கு நடுவே மணல்திட்டு. மூவரும் அரைவட்டமாக முட்டி போட்டார்கள். மாஸ்க்கை முழுதாகக் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். ஸ்நேஹா செய்தாள். ஸ்ரீலக்ஷ்மி கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனதில் எதையும் நினைக்காமல், ஊதி ஊதிச் செய்து முடித்தாள். கண்ணைத் திறந்தபோது அருண்ராஜ் கைகுலுக்கினான்.

அடுத்து ராகவேந்திரா. குளத்தில் எல்லாவற்றையும் முதலில் செய்தவன் அவன். மாஸ்க்கைக் கழற்றினான். மூக்கில் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். உடம்பு ஒரு தடவை விறைத்தது. பிறகு கையும் காலும் கண்டபடி அடித்துக்கொண்டன. வாயிலிருந்த ரெகுலேட்டரைப் பிடுங்கப் போனான். அருண்ராஜ் பாய்ந்து அதை அவன் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். ராகவேந்திராவின் கால்கள் மணலை வாரி இறைத்தன. விட்டால் அவன் நேராக மேலே பாய்வான், பாய்ந்தால் நுரையீரல் கிழியும். அருண்ராஜ் அவன் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டு கூடவே மேலே போகத் தொடங்கினான். போகும்போது திரும்பி அம்மாவையும் மகளையும் பார்த்தான். உள்ளங்கையைக் காட்டினான்: நில்லுங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களைச் சேர்த்துக் காட்டினான்: சேர்ந்தே இருங்கள்.

மணல் மோர்போல எழுந்து வந்து மூடியது.

ஸ்நேஹா இடதுபக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி இடதுகையை நீட்டினாள். தண்ணீர். இன்னும் நீட்டினாள். வெறும் தண்ணீர். எழுந்து அந்தப் பக்கம் இரண்டு உதை உதைத்துப் போனாள். யாரும் இல்லை. பக்கத்தில் இருந்த நங்கூரக் கயிறும் இப்போது தெரியவில்லை.

மூச்சு தாறுமாறாகப் போனது. மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள். நின்ற இடத்தில் சுற்றினாள். எல்லாப் பக்கமும் ஒரே பச்சை, ஒரே கலங்கல். மேலே பார்த்தாள். வெளிச்சம் ஒரு தட்டையான வெள்ளையாகத் தெரிந்தது, குமிழி எதுவும் இல்லை. இருபது, இருபத்தொன்று. தூரத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பாய்ந்து போனாள். பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒரு கடற்பாசி. அதைத் தொட்டுப் பார்த்தாள், மகளின் கால் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வதுபோல. முப்பத்தைந்து. நீரோட்டம் அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. ஸ்நேஹாவையும் இப்படித்தான் இழுத்திருக்கும். எந்தப் பக்கம்? ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே மகள் பெயரைக் கத்தினாள். வாயைச் சுற்றிக் குமிழிதான் வந்தது.

அறுபது.

அறுபதுக்கப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். பத்து வரைக்கும் போனாள். அவள் மேலே இல்லாவிட்டால்? இங்கேதான் எங்கோ ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு அம்மா வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தால்? கேஜைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இந்த மூச்சு வேகத்தில் அது நிற்காது.

வலது கையை உயரத் தூக்கினாள். காற்றை வெளியே விட இடது கையால் ஜாக்கெட்டின் காற்றுக்குழாயைப் பிடித்தாள். காலை மெதுவாக அசைத்தாள்.

கீழே மணல் மங்கிக்கொண்டே போய் மறைந்தது. மறையும் வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் குமிழிகளைவிட வேகமாகப் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள், போகவில்லை. மாஸ்க்குக்குள் கண்ணீர் நிறைந்து மூக்கருகே தேங்கியது. அதை ஊதி வெளியேற்றக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

தலை வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. படகு கொஞ்சம் தள்ளி இருந்தது. ராகவேந்திரா ஏணியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அருண்ராஜ் அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு, மறுபடி இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் கை தூக்கினான்.

"ஸ்நேஹா எங்க?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அருண்ராஜின் முகம் மாறியது. "உங்க கூட இல்லியா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ராகவேந்திராவை ஜெனிபரிடம் விட்டுவிட்டு ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டான்.

ஸ்ரீலக்ஷ்மி படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். கடல் மினுமினுத்தது. தூரத்தில் கோட்டைச் சுவரும் சுற்றுலாப் படகுகளும் தெரிந்தன, யாரோ சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. தானும் திரும்பப் போகலாம் என்று தோன்றியது. ரெகுலேட்டரை வாய்க்குக் கொண்டுபோனாள்.

மேலிருந்து ஜெனிபர் சொன்னாள், "மேடம், வேண்டாம். நீங்க எறங்கினா ரெண்டு பேரத் தேடணும். நீங்க அந்தப் பக்கம் குமிழி வருதான்னு பாருங்க. நான் இந்தப் பக்கம் பாக்கறேன்."

ஸ்ரீலக்ஷ்மி தண்ணீரின் மேல்பரப்பையே பார்த்தாள். சின்னச் சின்ன அலை ஒவ்வொன்றும் குமிழிபோலவே இருந்தது. தான் மேலே வந்துவிட்டோம் என்பது மட்டும் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. கோயம்புத்தூரில் அம்மாவிடம் என்ன சொல்வது, கரையில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஹரிபிரசாத்திடம் எப்படிச் சொல்வது என்பதுவரை அந்த மனம் போய்விட்டது.

படகின் முன்பக்கம், நல்ல தூரத்தில், ஒரு கறுப்புத் தலை எழுந்தது.

ஸ்நேஹா ரெகுலேட்டரைத் துப்பிவிட்டுப் படகைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா கீழ இருக்கா. அம்மா கீழயே இருக்கா. கோயி ஜாவோ நா, ப்ளீஸ், யாராவது போங்க." படகோடு ஒட்டி அதன் நிழலில் மிதந்த அம்மா அவள் கண்ணில் படவில்லை. ஸ்ரீலக்ஷ்மி கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஸ்நேஹா ரெகுலேட்டரை மறுபடி வாயில் வைத்து, குனிந்து இறங்கப் போனாள்.

ஜாக்கெட்டில் அவசரத்துக்கென்று ஒரு விசில் கட்டியிருந்தார்கள். ஸ்ரீலக்ஷ்மி அதைத் தேடி எடுத்து ஊதினாள். மூச்சு இருக்கும்வரை ஊதினாள். ஸ்நேஹா திரும்பினாள்.

அருண்ராஜ் மேலே வந்ததும் எல்லோரையும் படகில் ஏற்றினார்கள். ஸ்நேஹாவின் பல் கிட்டித்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அருண்ராஜ் அவள் கேஜைத் திருப்பிப் பார்த்தான். முள் சிவப்புக்குள் கடைசியில் கிடந்தது. சிலிண்டர் வால்வை மூடினான். "மூணு பேரையும் சேத்து மேல கூட்டிட்டு வந்திருக்கணும். என் தப்பு" என்றான்.

ஸ்ரீலக்ஷ்மி மகளைத் துண்டால் போர்த்திப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம்னு சொல்லிக் குடுத்தாங்கல்ல?"

"ம்."

"அப்பறம் ஏன் வரல?"

ஸ்நேஹா கடலைப் பார்த்தபடியே சொன்னாள். "நீ போக மாட்டன்னு நெனச்சேன். என்ன விட்டுட்டு நீ எப்பிடிப் போவ? நீ கீழதான் தேடிட்டு இருப்ப, உனக்கு ஏர் முடிஞ்சிரும்னு…" அதற்குமேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி துண்டை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள். இந்தப் பெண் சிவப்பு முள் வரைக்கும் கீழே நின்றது அம்மா போகமாட்டாள் என்று நம்பித்தான்.

கரையில் ஹரிபிரசாத் ஓடி வந்தார். "எப்பிடி இருந்துச்சு?"

"தண்ணி கலங்கலுங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த வீட்டு மாடியில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். நாளைக்குக் கடைசி இறக்கம். "நான் வரல" என்றாள் ஸ்நேஹா.

"சரி."

அவளே மறுபடி சொன்னாள். "நீ போயிட்டல்ல, அம்மா."

அந்தக் குரலில் இருந்தது கேள்வி இல்லை. அதைத் தடவிக்கொடுத்து மாற்றிச் சொல்லலாம் என்று ஸ்ரீலக்ஷ்மிக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "போயிட்டேன். அறுபது எண்ணினேன், அப்பறம் போயிட்டேன். நாளைக்கு இப்பிடி ஆனாலும் போயிருவேன். நீயும் போயிரணும் கண்ணு. எனக்காக நிக்கக் கூடாது."

ஸ்நேஹா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஸ்ரீலக்ஷ்மி படகில் ஏறினாள். ஏன் ஏறினாள் என்று அவளாலேயே சரியாகச் சொல்ல முடியாது. அம்மாவும் நின்றுவிட்டால் மகள் இனி எப்போதும் இறங்கமாட்டாள். ஒரு மாதத்துக்கு முன்னால் அதைத்தான் அவள் சாமியிடம் வேண்டியிருப்பாள். இப்போது அதுவும் பயமாக இருந்தது. ராகவேந்திரா வரவில்லை, முந்தின நாளே பஸ் ஏறிவிட்டான். அருண்ராஜும் ஜெனிபரும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இறங்கும் முன் படகு விளிம்பில் வாந்தி எடுத்தாள். அருண்ராஜ் "இன்னிக்கு வேண்டாம் மேடம், இன்னொரு நாள் வாங்க" என்றான். வாயைத் துடைத்துக்கொண்டு மாஸ்க்கை மாட்டினாள். கீழே இருந்த நேரம் முழுக்க இதயம் காதில் அடித்தது. அந்த மணல்திட்டு வந்ததும் கேஜைப் பார்த்தாள். செய்யச் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு மேலே வந்தாள். கரையில் ஹரிபிரசாத்துடன் ஸ்நேஹா நின்றுகொண்டிருந்தாள். கை காட்டவில்லை. ஆனால் படகு வந்து சேரும்வரை நின்றாள்.

புனே திரும்பிய பிறகு மூன்று நான்கு வாரம் வீட்டில் யாரும் கடல் பேச்சை எடுக்கவில்லை. ஸ்நேஹா காலேஜ் போனாள், வந்தாள். ஒரு நாள் அடுக்களையில் ஸ்ரீலக்ஷ்மி தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "அம்மா, சிக்ஸ்டி எண்ணறப்ப என்ன நெனச்ச? நான் மேல இருப்பேன்னு ஷ்யூரா இருந்தியா?"

ஸ்ரீலக்ஷ்மி அடுப்பைச் சிறிதாக்கினாள். "இல்ல. நீ செத்துட்டன்னு நெனச்சேன்."

"இருந்தும் போனியா?"

"இருந்தும் போனேன்."

தோசை தீய்ந்த வாசனை வந்தது. ஸ்நேஹா கரண்டியை வாங்கி அதை எடுத்துப் போட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே அருண்ராஜுக்குப் போன் செய்தாள். பாதியில் நின்ற மூன்றாவதையும், நான்காவதையும் செய்து முடிக்கப் பிப்ரவரி கடைசியில் வருகிறேன் என்றும், ஜெனிபர் தன்னோடு ஜோடியாக இறங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அப்பா கூட்டிப் போவார்.

"நீ வராத அம்மா" என்றாள். "நீ வந்தா நான் உன்னையேதான் பாத்துட்டிருப்பேன்."

ஸ்ரீலக்ஷ்மி வருகிறேன் என்று சொல்லவில்லை. ஸ்நேஹா கடலில் இறங்கிய வெள்ளிக்கிழமை அவள் ஹிஞ்சேவாடி ஆபீஸில் இருந்தாள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பயப்பட்ட காலம் போய்விட்டது. இப்போது மணல் எழுவது தெரியும், பச்சைச் சுவர் தெரியும், முள் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பது தெரியும். தெரிந்துகொண்டு பயப்படுவது முன்னைவிட மோசமாக இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மதியம் மீட்டிங்கில் திரையில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. எழுந்து வெளியே போனாள்.

"அம்மா, ரெண்டும் முடிஞ்சிருச்சு" என்றாள் ஸ்நேஹா. பின்னால் காற்றும் படகு மோட்டாரும் கேட்டன.

"மேல வரப்ப எவ்ளோ காத்து மிச்சம் இருந்துச்சு?"

"செவன்ட்டி. செவப்புக்கு மேலதான்."

"ஜெனிபர விட்டுத் தள்ளிப் போனியா?"

"இல்ல. அவதான் ஒரு தடவ கொஞ்சம் தள்ளிப் போயிட்டா. எண்ண ஆரம்பிச்சேன். எட்டுல வந்துட்டா." ஸ்நேஹா கொஞ்சம் நிறுத்தினாள். "பயமா இருந்துச்சு அம்மா."

"இருக்கும்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "மொதல்ல ஈரத் துணிய மாத்து. அப்பாகிட்ட சூடா ஏதாவது வாங்கித் தரச் சொல்லு."

போனை வைத்துவிட்டு மீட்டிங்குக்குத் திரும்பினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, திரையில் என்ன பழுது என்று கேட்டாள்.